மையம் எங்கே? கியூபாவில் சூறாவளிக் கணிப்பின் வரலாறு

கியூபாத் தீவில் ஆண்டு இரண்டே பருவங்களாகப் பகுபடுகிறது. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை உலர்காலம் என்று அமைந்த அந்த ஆண்டில் சராசரியாகப் பெய்யும் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் நான்கு பங்கு முதற்பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தீவு கிழக்கு மேற்காக நீண்டும் வடக்கு தெற்காக ஒடுங்கியும் கிடப்பதால், இரு கரைகளிலிருந்தும் உள்ளே புகும் கடற்காற்றுகள் நடுநிலத்தில் மோதி மேலெழும்ப, காலையில் தெளிந்திருந்த வானம் பிற்பகலில் கருத்து இடியோடு பொழிந்து ஓய்வது கோடைக்கால வழக்கம். இவ்வன்றாட மழையைக் கணிக்க அங்குள்ள உழவர்களுக்குக் கருவி எதுவும் தேவைப்பட்டதில்லை. இரண்டு மூன்று நாள் முன்னதாக வானிலையைச் சொல்லும் தொழிலை அத்தீவில் தோற்றுவித்தது சூறாவளிதான். அதனால் அத்தொழில், பிறந்த நாள் முதலே, சூறாவளியின் மையம் எங்கே இருக்கிறது, எத்திசையில் நகர்கிறது என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது. எவ்வளவு மழை பெய்யும் என்ற கேள்வி நெடுங்காலம் அதன் நிழலில் ஒதுங்கிக் கிடந்தது.

ஸ்பானியர் வருமுன் அங்கு வாழ்ந்த தாயினோ மக்கள் இப்பெருங்காற்றுக்கு வழங்கிய பெயரையே ஐரோப்பிய மொழிகள் பின்னர் எடுத்துக்கொண்டன. நடுவில் ஒரு முகமும் இருபுறமும் எதிரெதிராக வளைந்த கைகளுமாகக் கிழக்குக் கியூபாவில் கிடைத்த பழங்காலச் சுடுமண் உருவங்களைக் கியூப அறிஞர் பெர்னாந்தோ ஒர்த்திஸ் ஆராய்ந்து, காற்று ஒரு நடுவைச் சுற்றிச் சுழல்கிறது என்பதை அம்மக்கள் கண்டறிந்திருந்தனர் என்று 1947இல் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டார். அவ்வாதம் கவர்ச்சியானது, அதனை முழுதும் ஏற்காதவரும் உண்டு. ஸ்பானியர் ஆட்சியில் சூறாவளிகள் அவை தாக்கிய நாளுக்குரிய புனிதரின் பெயரால் நினைவுகொள்ளப்பட்டன; சூறாவளிப் பருவ மாதங்களில் திருப்பலியின்போது புயலை விலக்கியருளுமாறு வேண்டும் இலத்தீன் மன்றாட்டு சொல்லப்பட்டது. சனவரியின் முதல் பன்னிரண்டு நாள்களின் வானிலையை ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் பொருத்திப் பார்க்கும் 'கபன்யுவேலாஸ்' என்னும் வழக்கமும் ஸ்பெயினிலிருந்து வந்து சேர்ந்தது. மார்கழி மேகங்களைக் கொண்டு வருமாண்டு மழையைச் சொல்லும் நம் கர்ப்போட்டக் கணிப்புக்கு அது நெருங்கிய உறவு. இவை யாவும் பருவத்தைப் பற்றியும் ஆண்டைப் பற்றியும் பேசினவே தவிர, நாளை மறுநாள் துறைமுகத்தை விட்டுக் கப்பல் புறப்படலாமா என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை.

அந்த விடையைத் தேடத் தொடங்கிய இடம் ஹவானாவின் பழைய நகர்ப்பகுதியிலிருந்த பெலேன் கல்லூரி. இயேசு சபைத் துறவிகள் 1854இல் நிறுவிய இக்கல்லூரியில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இயங்கத் தொடங்கியது. கட்டலோனியாவின் பொபொலேதா என்னும் சிற்றூரில் 1837இல் பிறந்து, 1868ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் இயேசு சபையினர் ஸ்பெயினைவிட்டு வெளியேற்றப்பட்டபோது பிரான்சுக்குச் சென்ற பெனிதோ விஞேஸ் என்ற துறவி, 1870இல் இக்கூடத்தின் தலைமையை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபரில் வந்த சூறாவளி, ஹவானாவுக்குக் கிழக்கே யுமுரி, சான் ஹுவான் ஆகிய இரு ஆறுகளுக்கிடையே அமைந்த மாத்தான்சாஸ் நகரை வெள்ளத்தில் மூழ்கடித்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. அங்கே உயிர்களைக் கொண்டுபோனது பெரிதும் நீரே என்பது இவ்வரலாற்றில் மறக்கத் தகாத செய்தி.

விஞேஸ் முதலில் செய்த வேலை பழைய பதிவேடுகளைப் புரட்டுவது. தமக்கு முன்பிருந்தோர் எழுதிவைத்த அளவீடுகளையும் செய்தித்தாள் குறிப்புகளையும் ஒன்றுதிரட்டியதோடு, நாள்தோறும் விடியற்காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை பத்துமுறை காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை, மேகத்தின் நகர்வு ஆகியவற்றைக் குறித்துவந்தார். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும்; காலை 10 மணியையும் இரவு 10 மணியையும் ஒட்டி உச்சத்தையும், விடியல் 4 மணியையும் பிற்பகல் 4 மணியையும் ஒட்டித் தாழ்வையும் அடையும் இவ்வேற்றவிறக்கம் அப்பகுதிகளில் கடிகாரம் போல் ஒழுங்குடையது. குளிர்நாடுகளில் அன்றாட வானிலைக் குழப்பத்தில் மறைந்துபோகும் இச்சிறு அலை கியூபாவில் தெளிவாகத் தெரிவதால், அதில் நேரும் சிறு பிறழ்வும் பழகிய கண்ணுக்குச் செய்தியாகிறது. பிற்பகலில் இறங்கிய பாதரசம் இரவில் ஏற வேண்டிய அளவு ஏறாமற்போனால் ஏதோ வருகிறது என்று பொருள். சூறாவளி இன்னும் தொலைவில் இருக்கையில் அழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்து, வானம் துலங்கி, காற்று உலர்ந்து இதமாக இருக்கும் என்பதையும் அவர் கண்டறிந்தார். மிக நல்ல வானிலையை ஐயத்தோடு நோக்கவேண்டும் என்ற இப்பாடம் பொதுமக்களுக்கு எளிதில் பிடிபடாத ஒன்று.

ஆயினும் விஞேஸின் கலையில் பெரும்பங்கு கருவிகளைவிட மேகங்களைச் சார்ந்தது. சூறாவளியில் காற்று கீழ்ப்பகுதியில் மையத்தை நோக்கிச் சுருண்டு உட்புகுந்து, நடுவில் மேலேறி, உச்சியில் எல்லாத் திசையிலும் வெளியே பரவுகிறது. அப்படிப் பரவும் காற்றில் பனித்துகள்களாலான கீற்று மேகங்கள் இறகு இறகாக நீண்டு, சூறாவளி பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே வானில் தோன்றிவிடும். சேவல் வால் என்று ஸ்பானிய மொழி பேசுவோர் அழைத்த இக்கீற்றுகள் அடிவானத்தில் எந்தப் புள்ளியில் குவிவதுபோல் தெரிகின்றனவோ அப்புள்ளியின் திசையில் மையம் இருக்கிறது என்று கொள்ளலாம். இதற்குமேல் விஞேஸ் சேர்த்தது, மேகங்களை உயரத்தால் அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கின் நகர்வையும் தனித்தனியே அளக்கும் முறை. காட்டாக, மையம் ஹவானாவுக்குத் தென்கிழக்கே இருக்குமாயின் தரைக்காற்று ஏறத்தாழ வட-வடகிழக்கிலிருந்து வீசும். தாழ்ந்து ஓடும் மழைமேகங்கள் வடகிழக்கிலிருந்து வரும். அவற்றுக்கு மேலுள்ள இடைமேகங்கள் கிழக்கையொட்டி வரும். உச்சியிலுள்ள கீற்று மேகங்களோ நேர் தென்கிழக்கிலிருந்தே புறப்பட்டு வரும். தரையிலிருந்து வானுச்சிவரை காற்றுத்திசை இவ்வாறு படிப்படியாகத் திரும்புவதைக் கண்டவுடன், ஒரே மாடத்தில் நின்றுகொண்டு கடலுக்கப்பாலுள்ள மையத்தின் திசையைச் சொல்லிவிட முடிந்தது. சில மணி நேரம் கழித்து மறுமுறை பார்த்தால் அத்திசை எப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதும், அதனால் சூறாவளி நகரை நோக்கி வருகிறதா ஒதுங்கிப் போகிறதா என்பதும் புலப்படும். கதிரவனையும் நிலவையும் சூழும் வட்டங்கள், செங்கல் நிறத்தில் சிவக்கும் அந்தி, இறுதியில் அடிவானத்தில் கரும் மதிலாக எழும் மேகத் திரள் ஆகியவற்றுக்கும் இக்கணிப்பில் இடம் உண்டு. செயற்கைக்கோளும் ராடாரும் இல்லாத காலத்தில், அழுத்தமானியும் கண்ணும் மட்டுமே கொண்டு முப்பரிமாணத்தில் ஒரு புயலை உருவகித்துப் பார்த்தது சாதாரணமான செயலன்று.

1875 செப்டம்பர் 11ஆம் நாள் ஹவானாச் செய்தித்தாள்களில் அவரது முதல் சூறாவளி அறிவிப்பு வெளிவந்தது. இரண்டு நாளில் சூறாவளி கியூபாவின் தென்கரையைத் தாக்கிவிட்டு, பின்னர் டெக்சாஸ் கடற்கரையிலிருந்த இண்டியனோலா நகரைப் பாழாக்கியது. மறு ஆண்டிலும் அவர் முன்கூட்டியே எச்சரித்தார். சூறாவளி கடந்தபின் அது சென்ற வழியெங்கும் பயணம் செய்து, மரங்கள் எத்திசையில் வீழ்ந்தன, நீர் எவ்வளவு உயர்ந்தது என்று நேரில் கண்டு, 1877இல் அவ்விரு ஆண்டுகளின் சூறாவளிகள் பற்றி விரிவான நூலொன்றை எழுதினார். அதற்குப் பிறகு அவருக்கு ஹவானா வணிகர்களிடமும் கப்பல் நிறுவனத்தாரிடமும் கிடைத்த மதிப்பு நடைமுறைப் பயனாக மாறியது. சரக்கும் காப்பீட்டுப் பணமும் காற்றின் தயவில் இருந்தமையால், கரிபியத் தீவுகள் பலவற்றிலிருந்து தந்தி வழியே அளவீடுகள் பெறும் ஓர் அமைப்புக்கு அவர்கள் துணைநின்றனர். டிரினிடாட், பார்படோஸ், ஆன்டிகுவா, போர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா முதலிய இடங்களிலிருந்து செய்திகள் ஹவானாவை வந்தடைந்தன. சூறாவளிகள் மேற்கு நோக்கி வந்து வடக்கே வளைந்து திரும்பும் இடம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்றும், ஆகஸ்டில் 30 பாகைக்கு வடக்கே திரும்புபவை ஜூனிலும் அக்டோபரிலும் 20 முதல் 23 பாகைக்குள்ளாகவே, அதாவது கியூபாவுக்கு மேலேயே, திரும்பிவிடுகின்றன என்றும் அவர் வகுத்த விதி இத்தரவுகளின் பயன். ஹவானாவாசிகள் அக்டோபரை அஞ்சியதன் காரணம் இதனால் விளங்கும். 1893 ஜூலையில் அவர் இறந்தார். அவ்வாண்டு சிகாகோவில் கூடிய வானிலை மாநாட்டுக்காக எழுதிய அவரது கடைசி நூல் 1895இல் அச்சேறியது. அமெரிக்கக் கடற்படையும் வானிலைத்துறையும் அவர் எழுத்துகளை ஆங்கிலத்தில் வெளியிட்டன.

அவ்வாறு அவரைப் போற்றிய அதே நாட்டின் வானிலைத்துறை, அவருடைய வாரிசுகளின் வாயை அடைக்க முற்பட்டது முரண். 1898இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது அமெரிக்கா தன் கப்பற்படையின் பாதுகாப்புக்காகக் கரிபியத்தில் வானிலை நிலையங்களை அமைத்தது; ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருந்த அதன் தலைமையகம் 1899இல் ஹவானாவுக்கு மாற்றப்பட்டது. வில்லிஸ் மூர் தலைமையிலான அத்துறை, எச்சரிக்கைகள் வாஷிங்டனிலிருந்து மட்டுமே வெளிவர வேண்டும் என்ற கொள்கையுடையது. கியூபர்கள் தேவையின்றி மக்களுக்குப் பீதியூட்டுகின்றனர் என்றும் கருதியது. 1900 ஆகஸ்டு இறுதியில், சூறாவளிப் பருவம் உச்சத்தை எட்டும் வேளையில், கியூபாவின் வானிலைச் செய்திகள் அரசுத் தந்திக் கம்பிகளில் செல்வது தடுக்கப்பட்டது. சில நாள்களில் ஒரு புயல் கனமழையோடு கியூபாவைக் கடந்தது. பெலேனில் விஞேஸின் இடத்திலிருந்த லொரென்சோ கங்கோய்த்தி, அது வலுப்பெற்று டெக்சாஸை நோக்கிச் செல்கிறது என்று வானத்தைப் பார்த்து முடிவுசெய்தார். வாஷிங்டனோ அது வடக்கே வளைந்து புளோரிடா வழியாக அட்லாண்டிக் கடலுக்குப் போய்விடும் என்று கணித்திருந்தது. செப்டம்பர் 8ஆம் நாள் சூறாவளி கால்வெஸ்டன் நகரை விழுங்கியது. இறந்தோர் குறைந்தது 6,000 பேர் என்றும் 8,000 பேர் என்றும் கணக்கிடப்படுகின்றனர். தந்தி திறந்திருந்தால் மட்டும் அத்தனை பேரும் பிழைத்திருப்பர் என்று சொல்வது மிகை; அவ்வெச்சரிக்கை உரிய நேரத்தில் சென்றிருந்தாலும் நம்பப்பட்டிருக்குமா என்பது வேறு வினா. எனினும் தவறு மேகத்தைப் படித்தவரிடம் நேரவில்லை. அமெரிக்காவிலேயே சூறாவளி எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் வாஷிங்டனிடமிருந்து கடற்கரை நகரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட 1935 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1902இல் குடியரசான கியூபா தனக்கென ஒரு தேசிய ஆய்வுக்கூடத்தை உருவாக்கிக்கொண்டது. அது ஹவானாத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் காசாபிளாங்காக் குன்றின்மேல் அமைந்தது. 1921இல் அதன் இயக்குநரான ஹோசே கார்லோஸ் மியாஸும், பெலேனில் மரியானோ குத்தியேரெஸ் லான்சா அடிகளும் தனித்தனியே அறிவிப்புகள் வெளியிட, நகரமக்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து யாரை நம்புவது என்று தம்முள் வாதிட்டுக்கொண்டனர். 1926 அக்டோபர் 20ஆம் நாள் ஹவானாவைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. 1932 நவம்பர் 9ஆம் நாள், பருவம் முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், சாந்தா குரூஸ் தெல் சூர் என்னும் தென்கரைச் சிற்றூரில் கடல் ஆறு மீட்டருக்கும் மேலாக உயர்ந்து ஊரையே அடித்துச் சென்றது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். ஆழமற்ற வளைகுடாவில் காற்று கடலைத் தள்ளிக் குவிப்பதால் நேரும் இந்த நீரேற்றத்தைக் கீற்று மேகங்கள் காட்டித்தரா.

மழையின் முறை 1963இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் புரட்சி அரசு இயேசு சபையினரை வெளியேற்றியிருந்தமையால் பெலேனின் நீண்ட பணி முடிவுக்கு வந்திருந்தது. அக்கல்லூரி மயாமியில் மீண்டும் தொடங்கப்பட்டது. அக்டோபர் தொடக்கத்தில் கிழக்குக் கியூபாவில் புகுந்த புளோரா என்ற சூறாவளி, வளைந்து திரும்பிப் போய்விடும் என்ற பழைய விதிக்கு அடங்காமல், நாலைந்து நாள் அப்பகுதியிலேயே சுற்றிச்சுற்றி வந்தது. சாந்தியாகோ தெ கூபா நகரில் 1,450 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தீவின் ஓராண்டுச் சராசரியைவிட அது அதிகம். ஆற்றுச் சமவெளிகள் கடலாயின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மையம் எங்கே என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாளும் விடை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அந்த விடையால் பயன் குறைவாகவே இருந்தது. இதன்பின் அரசு மலைத்தொடர்களிலிருந்து இறங்கும் ஆறுகளின் குறுக்கே அணைகளும் நீர்த்தேக்கங்களும் கட்டத் தொடங்கியது; 1965இல் வானிலைப் பணிகளை ஒன்றுபடுத்தி வானிலை நிறுவனத்தை அமைத்தது; அது இன்றும் காசாபிளாங்காக் குன்றிலிருந்தே இயங்குகிறது. குடிகளை ஊர்விட்டு அகற்றும் பொறுப்பு குடிமைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. சூறாவளி அறிவிப்பில் காற்றின் வேகத்தோடு எந்த ஆற்றுப்படுகையில் எத்தனை மில்லிமீட்டர் மழை எதிர்பார்க்கலாம் என்பதும், எந்த அணை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதும் சேர்த்துப் பேசப்படுவது இக்காலத்து வழக்கம்.