நெடுந்தீவும் டெல்ஃப்ட்டும்: யாழ்ப்பாணத் தீவுகளின் ஒல்லாந்தப் பெயர்கள் குறித்து

டெல்ஃப்ட் என்றால் நெதர்லாந்தில் ஒரு நகரம். ஓவியர் வெர்மீர் பிறந்து வாழ்ந்த ஊர். நீலமும் வெள்ளையுமான மட்பாண்டத்துக்கும் அதுவே பெயர். இலங்கையின் ஆங்கில ஆவணங்களிலோ அது நெடுந்தீவு. ஆய்வாளர் பலர் இவ்விரு தீவுப்பெயர்களையும் ஒத்த தகுதியுடையனவாக மாற்றி மாற்றி எழுதுகின்றனர். அவ்வாறு எழுதுவது வரலாற்றை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நெடுந்தீவை டெல்ஃப்ட் என்றும், காரைதீவை அம்ஸ்ரர்டாம் என்றும், வேலணைத் தீவை லெய்டன் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும், அனலைதீவை ரொட்டர்டாம் என்றும் குறித்தனர். தாயகத்து ஊர்களின் நினைவு என்று இதை விளக்கிவிடலாம். ஆனால் அந்த விளக்கம் போதாது. 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஆறு நகரக் கிளைச்சபைகளாக இயங்கியது. அவற்றுள் அம்ஸ்ரர்டாம், மிடில்பேர்க், டெல்ஃப்ட், ரொட்டர்டாம் ஆகிய நான்கும் இத்தீவுகளின் மேல் ஏறியுள்ளன. லெய்டனும் ஹார்லெமும் இந்த வரிசையில் அடங்கா என்பது உண்மையே. எனினும் பெரும்பான்மையை நோக்கும்போது, கம்பனி தன் பங்காளி நகரங்களைத் தன் உடைமைகள்மீது பொறித்துக்கொண்டது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இப்பெயர்கள் வந்து விழுந்த நிலம் பெயரற்றுக் கிடந்ததன்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டுக்குரியது. அது ஊராத்துறையைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. பிறநாட்டார் அத்துறைக்கே வந்து சேர வேண்டும் என்கிறது. யானை, குதிரை ஏற்றிய மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; வணிகச் சரக்கு ஏற்றியதாயின் பாதிக்குப் பாதி. துறையின் பெயரும் அதன் சட்டமும் ஒரே கல்லில், கம்பனி வருவதற்கு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் நிலைபெற்றிருந்தன. அத்துறையே வேலணைத் தீவிலுள்ள இன்றைய ஊர்காவற்றுறை. ஆங்கிலத்தில் அது கயிற்ஸ் எனப்படுகிறது, லெய்டன் என்பாரில்லை.

அப்படியானால் டெல்ஃப்ட் மட்டும் தங்கியது ஏன்? வேலணைத் தீவிலும் காரைதீவிலும் அலுவல்கள் ஊர்ப்பெயராலும் துறைப்பெயராலும் நடந்தன. நெடுந்தீவோ குடாநாட்டிலிருந்து கடலால் விலகி நின்றது. அங்கு ஒல்லாந்தர் நடத்திய குதிரை வளர்ப்பை ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். தீவு முழுவதும் ஒரே நிருவாக அலகாகக் கணக்கில் நின்றதால், 1795இல் ஆட்சி கைமாறியபோது கணக்கோடு பெயரும் கைமாறியது என்று கருதுகிறேன். மக்கள் பேச்சில் அது நெடுந்தீவாகவே நின்றது. இன்றும் அங்குள்ள பிரதேச செயலகத்துக்குத் தமிழில் நெடுந்தீவு, ஆங்கிலத்தில் டெல்ஃப்ட்.

இதில் தொல்லைப்படுவது ஆவணத் தேடலே. போர்த்துக்கேயர் இதே தீவைப் பசுத்தீவு என்ற பொருளில் ‘இல்யா தாஸ் வாக்காஸ்’ என்றனர். மூன்று பெயரில் சிதறிய காணி, வரி, குதிரைப் பதிவுகளை ஒருவர் ஒருங்கே காண வேண்டுமாயின், நூலகப் பட்டியல்கள் நெடுந்தீவைத் தலைச்சொல்லாக வைத்து, ஏனைய இரண்டையும் அவை வழங்கிய ஆட்சிக்காலத்தோடு அதன்கீழ்ப் பதிய வேண்டும்.