கத்தி இருந்தது, பிளையர் இல்லை

தினமும் கையில வச்சுக்க ஒரு பெரிய மல்டிடூல். எதைப் பார்த்து வாங்கணும்? பதில் 1975-ல இருக்கு.

அமெரிக்க எஞ்சினியர் டிம் லெதர்மேன், மனைவியோட பழைய ஃபியட் கார்ல ஐரோப்பா சுத்துறார். கார் மக்கர் பண்ணுது, ஹோட்டல்ல பைப் ஒழுகுது. பாக்கெட்ல கத்தி இருக்கு, பிளையர் இல்லை.

ஒரு மாசத்துல செஞ்சிடலாம்னு நினைச்சார். மூணு வருஷம் ஆச்சு. வீட்டை ஓட்டினது மனைவி சம்பளம். 1980-ல காப்புரிமை கிடைச்சும், கத்தி கம்பெனிகள் ‘இது டூல்’ என்றன. டூல் கம்பெனிகள் ‘இது கேட்ஜெட்’ என்றன. 1983-லதான் முதல் பெரிய ஆர்டர்: 500.

1998-ல வந்த வேவ் மாடல்ல, கைப்பிடியை விரிக்காமலே ஒரு கையால கத்தியைத் திறக்கலாம்.

அதனால கடையில எத்தனை டூல்னு எண்ணாதீங்க. முதல்ல பிளையரைப் பிடிச்சுப் பாருங்க. எல்லாம் அதுக்காகத்தான் ஆரம்பிச்சது.