நோவின் பெயர்களும் நோவாற்றும் சொற்களும்

நோவைத் தணிக்கும் மருந்தையும் நோவுக்கு அஞ்சி உடல் கொள்ளும் அசைவையும் மேலை மருத்துவம் ஒரே சொல்லால் சுட்டுவது கூர்ந்து நோக்கத்தக்கது. கிரேக்க மொழியில் 'ஆல்கோஸ்' என்பது நோவு. அதனடியாகப் பிறந்த 'அந்தால்ழீக்' என்னும் பிரெஞ்சுச் சொல், நோவாற்றும் மருந்துக்கு இன்றும் பொதுப்பெயராகும். ஆங்கில மருத்துவத்தில் அதே சொல் 'ஆன்டால்ஜிக்' என்றாகி, நோவுற்ற காலில் பளுவேற்றாது விரைந்தெடுத்து வைக்கும் நடையையே பெரிதும் குறிக்கிறது. பிரெஞ்சுக் கொம்யூனாயிருந்த உழவர்கரை, இவ்விரு வழக்குகளும் சந்தித்த மண். அதன் எல்லைக்குட்பட்ட கோரிமேட்டில் விளங்கும் ஜிப்மர், 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகத் தோன்றி 1964இல் இப்பெயர் பெற்றது.

ஆயினும் அங்கு வரும் தமிழ் நோயாளி கொணர்வது மூன்றாவதொரு சொற்களஞ்சியமாகும். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இசிவு, பிடிப்பு ஆகியன ஒரு பொருட் பன்மொழிகள் அல்ல. வெவ்வேறு நோவுகளின் பெயர்கள். நடைக்கும் நொண்டுதல், விந்துதல், தாங்கி நடத்தல் எனப் பல சொற்கள் உள. பொறுத்தலையும் ஏந்திக் காத்தலையும் ஒருங்கே உணர்த்தும் 'தாங்கு' என்னும் வினை, நோவைத் தவிர்க்கும் நடையை விளக்கப் போதுமானது.

இத்தகைய நுண்பாகுபாட்டை முறைப்படுத்தியோருள் தலையாயவர் இப்னு ஸீனா (கி.பி. 980–1037). தமது 'அல்கானூன்' நூலில் அவர் நோவைப் பதினைந்தாக வகுத்தார். துளைப்பது 'ஸாகிப்'; குத்துவது 'நாகிஸ்'; விண்விண்ணெனத் தெறிப்பது 'ளரபானீ'. நோவின் தன்மை அதன் காரணத்தைக் காட்டும் என்பதே இப்பகுப்பின் அடிப்படை. நோவைத் தணிப்பது 'முஸக்கின்'. உணர்வை மரக்கச் செய்வது 'முகத்திர்'. காரணத்தை நீக்குவதே மெய்யான தணிப்பு என்பதும், மரக்கச் செய்வது உணர்வை மட்டுமே மறைக்கும் என்பதும் அவர் கருத்து. மென்னடையும் இனிய இசையும் மனத்தை ஈர்க்கும் அலுவலும் நோவைத் தணிக்கும் எனவும் அவர் குறித்தார். முஸக்கின் என்பதன் வேர், எழுத்துக்கு அசைவின்மையைத் தரும் 'சுகூன்', உள்ளத்துக்கு அமைதியைத் தரும் 'ஸகீனா' ஆகியவற்றின் வேரேயாகும்.

நோவுக்கேற்ப உடல்நிலையை மாற்றிக்கொள்வதை மார்க்கமும் ஏற்றது. மூலநோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) தொழுகை பற்றி வினவியபோது, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். கடும் நோவும் இயலாமையுள் அடங்கும் என்பது ஃபுகஹாக்களின் விளக்கம். அவ்வியலாமையை அறிந்து சொல்பவர் நோவுற்றவரே.

நவீன மருத்துவமும் இங்கேயே வந்து சேர்ந்தது. 1975இல் கனடாவின் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மக்கில் நோவு வினாநிரல், 78 சொற்களை 20 தொகுதிகளாக்கி நோயாளியையே தேர்ந்தெடுக்கச் செய்தது. குடைச்சலும் கடுப்பும் ஏட்டில் 'வலி' என்ற ஒரே சொல்லாகச் சுருங்குமாயின், நோயைக் காட்டும் தடயமொன்று அழிகிறது. ஆகவே தமிழ் மருத்துவ மாணவர் உடற்கூற்றுச் சொற்களோடு இச்சொற்களையும் கற்றல் வேண்டும். நோயாளி சொன்ன சொல்லை அவ்வாறே பதிதல் வேண்டும்.