பிங்கோ எண் பட்டப்பெயர்கள்

பிரிட்டிஷ் பிங்கோவில் 1 முதல் 90 வரை, குலுக்கி எடுக்கும் எண்ணோடு சேர்த்துக் கூவப்படும் அடைமொழிகள் இவை. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் லாட்டோவிலிருந்து கிளைத்த இந்த ஆட்டம் பிரிட்டிஷ் கடற்படையில் 'டம்போலா' என்றும் தரைப்படையில் 'ஹவுஸ்' என்றும் வழங்கியது. பணம் வைத்து ஆடத் தடை இருந்த படைமுகாம்களில் இதற்கு மட்டும் விலக்கு உண்டு. நம் ஊர் கிளப்களில் தம்போலா, ஹவுஸி என்று ஆடப்படுவதும் இதுவே. 1960ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் மறு ஆண்டு நடைமுறைக்கு வந்ததும், கூட்டம் குறைந்துவந்த திரையரங்குகள் பல பிங்கோ கூடங்களாயின. படைவீரர் வழக்கு இல்லத்தரசிகளின் வாய்க்கு வந்தது.

இரைச்சலில் எண்கள் குழம்பாதிருக்கவே பட்டப்பெயர்கள் தோன்றின என்பது பொதுவான விளக்கம். ஆங்கிலத்தில் 13க்கும் 30க்கும் ஒலி நெருக்கம் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேறு வழி இருந்தது: 'ஒன்றும் மூன்றும், பதின்மூன்று' என்று இலக்கங்களைப் பிரித்துச் சொல்வார்கள், 30 'குருட்டு முப்பது' ஆகும். தெளிவு ஏற்கெனவே கிடைத்துவிட்ட இடத்தில் பட்டப்பெயருக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும். 22ஐ 'இரு சின்ன வாத்துகள்' என்றதும் கூடம் முழுவதும் 'குவாக் குவாக்' என்று கத்துகிறது. 'கால்கள் பதினொன்று' என்றால் சீழ்க்கை பறக்கிறது. காத்திருப்பவர்களுக்கு வாய்திறக்க ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

இப்படிப் பார்த்தால், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கதையைத் தேடும் பழக்கம் பெரும்பாலும் வீண். 88 'இரு குண்டுப் பெண்மணிகள்' ஆனது எட்டின் வடிவத்தால். 8 'தோட்டத்துக் கதவு', 66 'கிளிக்கட்டி கிளிக்', 59 'பிரைட்டன் லைன்' எல்லாம் நம் யாப்பில் இயைபு எனப்படும் ஈற்றொலி ஒற்றுமையால் வந்தவை. பிரைட்டன் ரயிலின் எண்ணிலும் பயண நேரத்திலும் காரணம் தேடுவோர், ஆங்கிலத்தில் ஒன்பதும் 'லைனும்' ஒரே ஒலியில் முடிவதை மறந்துவிடுகிறார்கள். 80க்கு உரிய 'காந்தியின் காலை உணவு' சிலேடை: ஆங்கிலத்தில் 'எட்டு, சுழி' என்பதும் 'ஒன்றும் உண்ணவில்லை' என்பதும் காதுக்கு ஒன்றே. உண்ணாநோன்பு உலகச் செய்தியான காலத்தின் குறும்பு. 1க்கு வழங்கும் 'கெல்லியின் கண்' 1960களின் ஒரு சித்திரக்கதையிலிருந்து வந்தது என்பாருண்டு; அந்தப் பெயரோ முதல் உலகப் போர்க்கால வீரர்களின் ஆட்டத்திலேயே இருந்தது. 1880இல் தூக்கிலிடப்பட்ட ஆஸ்திரேலியக் கொள்ளையன் நெட் கெல்லியைச் சுட்டுவோரும் உண்டு. அவனுக்குக் கண் இரண்டு!

அப்படியானால் வரலாற்றுக்கு இங்கே இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் வரலாற்றை மட்டும் நம்பி நின்ற பெயர்களே முதலில் ஆட்டம் கண்டன. 1970 ஜனவரி 1 இதற்கு நல்ல உரைகல். இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் மதிப்புள்ள 'அரை கிரவுன்' நாணயம் அதற்கு முந்தைய நாளோடு செல்லாததானது. அதே ஜனவரி 1இல் இங்கிலாந்தில் சட்டப்படி வயதுவந்தவராகும் வயது 21லிருந்து 18க்கு இறங்கியது. 26இன் 'அரை கிரவுன்' தேய்ந்து, ஈற்றொலி ஒத்துவரும் 'பிக் அண்ட் மிக்ஸ்' மிட்டாய் அந்த இடத்துக்கு வந்தது. வயதுவந்ததைக் குறிக்கும் 21இன் 'வீட்டுச் சாவி' மட்டும் அசையவில்லை. சட்டம் கைவிட்ட 21ஆம் பிறந்தநாளைக் குடும்பங்கள் விடாமல் கொண்டாடியதே காரணம் எனலாம். 76இன் கதையும் நாணயத்தின் கதைதான்: திருமண உரிமச்சீட்டின் பழைய விலையான ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸைக் குறித்து 'அவள் அதற்குத் தகுமா?' என்று கேட்டார்கள். கணக்கு மறந்தபின் அது வெறும் புதிராகிவிட, 1957இல் மேடையேறிய ஓர் அமெரிக்க இசை நாடகத்தின் 76 டிராம்போன்கள் அதனோடு போட்டிக்கு வந்தன.

இதற்கு வலுவான மறுப்பு 9இலிருந்து வரும். 'மருத்துவர் உத்தரவு' என்ற பெயரில் வடிவமும் இல்லை, இயைபும் இல்லை. முதல் உலகப் போரில் படை மருத்துவர்கள் கொடுத்த ஒன்பதாம் எண் பேதி மாத்திரையும் மறைந்துவிட்டது. இருந்தும் பெயர் நீடிக்கிறதே? மாத்திரையை அறியாதவருக்கும் அந்தத் தொடர் அன்றாடப் பேச்சாகவே கேட்கிறது என்பதுதான் விடை. 65இன் 'முதியோர் ஓய்வூதியம்' அதைவிடக் கடினமான வழக்கு: 2020 அக்டோபரில் ஓய்வூதிய வயது 66 ஆனது, கூவுபவர் இன்னும் 65இல்தான் நிற்கிறார். ஓய்வு என்றால் 65 என்று பழகிய தலைமுறை ஆட்டத்தில் இருக்கும்வரை அது தாங்கும். 10க்கு இந்தத் தொல்லையே கிடையாது. டவுனிங் தெரு 10ஆம் எண் வீட்டில் எந்தப் பிரதமர் இருக்கிறாரோ அவரது 'குகை' என்பதே அதன் பெயர். ஆள் மாறினால் பெயரும் மாறிக்கொள்ளும்.

பெரிய பிங்கோ கூடங்களில் இன்று ஒருவரே பல சீட்டுகளை வைத்து ஆடுகிறார். எண்கள் சில நொடிக்கு ஒன்றாக வருகின்றன. 'குவாக்' சொல்ல அங்கே நேரமில்லை. பட்டப்பெயர்கள் இப்போது அதிகம் கேட்பது கடலோர விடுதிகளிலும் தேவாலயக் கூடங்களிலும்தான்.