மட்டியின் கொள்ளிக்கட்டையும் முத்தண்ணாவின் முன்ஜாக்கிரதையும்: தமிழ் விசித்திர ஜோக்கின் வேர்

தமிழ்க் கேலிச்சித்திர வரலாற்றைப் பெரும்பாலும் 1906-இல் சென்னையில் வெளிவரத் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழிலிருந்து, அதாவது பாரதியிடமிருந்து தொடங்குகிறோம். அரசியல் கருத்துப்படத்துக்கு அது பொருத்தமான தொடக்கமே. ஆனால் ஒற்றைக் கட்டத்துக்குள் வந்து, தன் கிறுக்குத்தனத்தாலேயே சிரிக்கவைக்கும் விசித்திர ஜோக்கை அது விளக்குவதில்லை. கருத்துப்படத்தில் வரும் உருவம் ஆட்சியையோ தேசத்தையோ குறிக்கும். குறிப்பு பிடிபட்டால் படமும் பிடிபட்டது. விசித்திர ஜோக்கோ எதற்கும் குறியீடாக நிற்பதில்லை. தொடக்கத்தில் ஒரு தப்பெண்ணம். அதன்பின் நடப்பதெல்லாம் பிசகாத தர்க்கம். இந்தச் சிந்தனை முறைக்குத் தமிழ் உரைநடையில் முன்னோடி யார் என்று தேடினால், திருமானூர் வட்டாரத்தில் கொள்ளிடக் கரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவரிடம் போய் நிற்கிறோம்.

இத்தாலியில் 1680-இல் பிறந்த அவர், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் என்று போற்றிக் கலம்பகமும் பாடினார். அவருடைய ‘பரமார்த்த குருவின் கதை’, பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822-இல் லண்டனில் அச்சேறியது. அதில் ஆறு கடக்கும் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆறு விழித்திருந்தால் ஆளை விழுங்கிவிடும் என்று குருவும் சீடர்களும் நம்புகிறார்கள். சீடன் மட்டி கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான், ‘சுர்’ரென்று புகைகிறது. ஆறு விழித்திருக்கிறது என்று ஓடி வருகிறான். பிறகு அதே அணைந்த கட்டையைத் தோய்த்துப் பார்க்கிறார்கள், சத்தமே இல்லை. ஆறு தூங்கிவிட்டது என்று தெளிந்து, ஓசைப்படாமல் இறங்கிக் கடக்கிறார்கள். சோதனை, சான்று, முடிவு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அடிப்படை ஒன்றுதான் கோணல். இக்கதை 1861-இல் லண்டனில் ஆல்பிரட் குரோகுவிலின் படங்களோடு மீண்டும் நூலாயிற்று. அவர் ‘பஞ்ச்’ நகைச்சுவை இதழின் தொடக்க ஆண்டுகளில் அதற்குப் படம் வரைந்தவர். கேலிச்சித்திரக்காரரின் கண்ணுக்கு இக்கதை படமாகவே தெரிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இதற்கு மறுப்புகள் எழலாம். இக்கதையில் வருவதுபோல, தம்மை எண்ணாமல் விட்டுவிட்டு ஆள் குறைகிறது என்று புலம்பும் மூடர்கள் இங்கிலாந்தின் காத்தம் ஊர்க் கதைகளிலும் உண்டே என்பது முதல் மறுப்பு. உண்மைதான், மூடத்தனம் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல. ஆயினும் வீரமாமுனிவரின் கதையில் மூடத்தனம் பணிவோடும் எச்சரிக்கையோடும் சேர்ந்தே வருகிறது. குருவுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான் ஒவ்வொரு கோமாளித்தனத்துக்கும் காரணம். லண்டன் படங்களைத் தமிழ் ஓவியர்கள் பார்த்துப் பின்பற்றினார்களா என்பது அடுத்த கேள்வி. கோட்டு வழியில் அப்படியொரு வாரிசு உரிமையை நான் கோரவில்லை. கட்டம், கோடு, அடிவசனம் ஆகியவை மேனாட்டு இதழ்களிடமிருந்து பெற்றவை. அந்தக் கட்டத்துக்குள் நிகழும் தர்க்கமோ பரமார்த்த குருவைச் சொல்லியும் கேட்டும் வளர்ந்த வாசகருக்கு முன்பே பழகியிருந்தது.

1930-களில் ஓவியர் மாலி ஆனந்த விகடனில் வரையத் தொடங்கியபோது வாசகர் எளிதில் சிரித்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். தஞ்சாவூரில் 1924-இல் பிறந்த கோபுலு, வசனமே இல்லாத ஜோக்குகளில் தர்க்கத்தின் கடைசிப் படியை வாசகரிடமே விட்டார். இந்த வம்சம் பளிச்சென்று தெரிவது மதனிடம்தான். அவருடைய ‘முன்ஜாக்கிரதை முத்தண்ணா’ ஒரு நியாயமான எச்சரிக்கையை அதன் எல்லைக்கு அப்பாலும் இழுத்துச் செல்கிறவர். தூங்கும் ஆற்றை எழுப்பிவிடாமல் கடந்தவர்களின் நேர் வாரிசு அவர். அரசியல் இல்லாத இந்தச் சிரிப்புக்கு ஆய்வு எதற்கு என்பாரும் உண்டு. 1987-இல் எம்.எல்.ஏ.யையும் மந்திரியையும் திருடர்களோடு ஒப்பிட்ட அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது; அந்த ஜோக் வரலாற்றில் ஏறியது. யாரையும் சுடாத முத்தண்ணாவை அதிகாரம் கண்டுகொள்ளவில்லை. ஆய்வுலகமும் அதே வழியில் போவது சரியல்ல. வீரமாமுனிவரைத் தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் படிக்கும் ஆய்வு மாணவர்கள், விகடனின் பழைய ஜோக் பக்கங்களையும் பரமார்த்த குருவையும் அருகருகே வைத்து ஒப்பிட முன்வர வேண்டும்.