மின்கோபுரமும் நாட்டுப்புறக் காட்சியும் (பிரிட்டன்)

உயரழுத்த மின்சாரத்தைச் சுமந்துகொண்டு வயல்வெளி, மலைச்சரிவு, புல்மேடு வழியே போகும் கோபுர வரிசைகள் கண்ணை உறுத்தாமல் இருக்க பிரிட்டனில் ஏறத்தாழ நூறாண்டுகளாகப் பல முயற்சிகள் நடந்துவருகின்றன. கையாளப்பட்ட வழிகள் மூன்று: லைன் போகும் தடத்தைப் பார்த்துத் தேர்வது, கோபுரத்தின் உருவத்தை மாற்றுவது, கம்பியை மண்ணுக்குள் புதைப்பது. மூன்றுமே 1930க்கு முன்பே பேசப்பட்டவை. அதன் பிறகு பெரிதும் மாறியவை மின்னழுத்தமும், செலவை யார் தலையில் கட்டுவது என்ற கணக்கும்தான்.

முன்வரலாறு

1926க்கு முன் பிரிட்டனில் ஊருக்கு ஊர் தனித்தனி மின்நிலையங்கள் இருந்தன. அவற்றின் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நாட்டுப்புறத்தில் பெரும்பகுதிக்கு மின்சாரமே எட்டாததால், கம்பி பற்றிய புகாருக்கும் இடமில்லை.

முதல் கட்டமைப்பு (1926–1933)

1926ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மத்திய மின்வாரியத்தை உருவாக்கியது. தேர்ந்தெடுத்த மின்நிலையங்களை 132 கிலோவோல்ட் லைன்களால் இணைப்பது அதன் வேலை. அதே ஆண்டில் நகரமைப்பு வல்லுநர் பேட்ரிக் ஆபர்கிராம்பியின் முயற்சியால் இங்கிலாந்து நாட்டுப்புறப் பாதுகாப்பு மன்றமும் பிறந்தது. கம்பி இழுக்க ஓர் அமைப்பும், நாட்டுப்புறத்தின் அழகைக் காக்க ஓர் அமைப்பும் ஒரே ஆண்டில் கிளம்பியது தற்செயல்தான் என்றாலும், அடுத்த சில ஆண்டுகளில் இரண்டும் அடிக்கடி எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது.

எதிர்ப்பு வரும் என்று வாரியம் முன்கூட்டியே எதிர்பார்த்ததாகத் தெரிகிறது. கோபுரத்தின் தோற்றம் பற்றி யோசனை கேட்க அது நாடியவர் கட்டடக் கலைஞர் சர் ரெஜினால்டு பிளம்ஃபீல்டு. பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் உள்ள மெனின் வாயில் நினைவுச்சின்னத்தைக் கட்டியவர் அவர். பொதுநலவாயப் போர்க் கல்லறைகளில் நிற்கும் உயரமான கற்சிலுவையின் வடிவமும் அவருடையதே. சென்னை நந்தம்பாக்கத்துக் கல்லறையிலும் அதைக் காணலாம். நவீனக் கட்டடக்கலை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. அதைத் தாக்கி 1934இல் ஒரு புத்தகமே எழுதினார். பிரிட்டனின் நாட்டுப்புறத்தில் மிக நவீனமான பொருளோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டதை வரலாற்றாசிரியர்கள் சிரித்துக்கொண்டே குறிப்பிடுவதுண்டு.

அவருடைய பங்கு எவ்வளவு என்பதில் ஒத்த கருத்து இல்லை. அடிப்படை வடிவம் அமெரிக்காவின் மில்லிகன் பிரதர்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அதை மெலிதாக்கி, மேலே போகப் போகக் குறுகும்படி செய்தவர் பிளம்ஃபீல்டு என்பது பரவலான கூற்று. வந்திருந்த வரைபடங்களில் ஒன்றைத் தேர்ந்து சிறு திருத்தம் சொன்னதற்கு மேல் அவர் செய்தது குறைவு என்போரும் உண்டு. எப்படியானாலும் பி.எல்.1 என்று பெயர் பெற்ற அந்தக் கோபுரம் சுமார் 26 மீட்டர் உயரம் கொண்டது. நான்கு கால்கள் சாய்ந்து மேலே ஒன்றுசேர, பக்கத்துக்கு மூன்றாக ஆறு கைகள் நீளும். ஒவ்வொரு கையிலும் பீங்கான் தட்டுகளைக் கோத்த சரம் ஒன்று தொங்க, அதன் நுனியில் கம்பி. உச்சியில் இடிதாங்கியாக ஒற்றைக் கம்பி ஓடும். துத்தநாகம் பூசிய எஃகு புதிதில் பளபளக்கும். சில ஆண்டு மழையில் நனைந்த பிறகு மங்கிச் சாம்பல் நிறமாகும். முதற்கால எதிர்ப்பின் சூட்டுக்கு இந்தப் பளபளப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

முதல் கோபுரம் 1928 ஜூலை 14 அன்று ஸ்காட்லாந்தில் எழுந்தது. இடத்தைச் சில நூல்கள் எடின்பரோ அருகே என்கின்றன. வேறு சில ஃபால்கர்க் வட்டாரத்துப் போனிஃபீல்டு என்கின்றன.

பெரிய சண்டை தெற்கே சசெக்ஸில் மூண்டது. அங்குள்ள சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் மரம் குறைவு. ஆடு மேய்ந்து மேய்ந்து வழுவழுப்பான புல்மேடுகள் அவை. மறைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கோபுரம் நட்டால் பல மைல் தொலைவுக்குத் தெரியும். 1929இல் ரட்யார்டு கிப்ளிங், பொருளியலறிஞர் ஜான் மேனார்டு கெயின்ஸ், எழுத்தாளர் ஹிலேர் பெலாக் உள்ளிட்டோர் டைம்ஸ் நாளிதழுக்குக் கண்டனக் கடிதம் எழுதினர். மூவருக்கும் சசெக்ஸில் வீடு இருந்தது.

கிப்ளிங்கின் பேட்மன்ஸ் வீட்டைப் பற்றிய ஒரு செய்தி இங்கே பொருத்தமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வீட்டை வாங்கிய கிப்ளிங், தோட்டத்துக் கோடியில் இருந்த பழைய நீராலையில் டர்பைன் பொருத்தி வீட்டுக்கு விளக்குப் போட்டுக்கொண்டார். யோசனை சொன்னவர் எகிப்தின் அஸ்வான் அணையோடு தொடர்புடைய பொறியாளர் வில்லியம் வில்காக்ஸ். ஆலையிலிருந்து வீடுவரை சுமார் 250 கெஜ தூரத்துக்கு மின்சாரம் வந்தது கம்பத்தின் மேலே அல்ல, மண்ணுக்குள். ஆழ்கடலில் இடுவதற்காகச் செய்து, 1,200 வோல்ட் சோதனையில் தேறாமல் போன கேபிளை மலிவாக வாங்கிக் குழிதோண்டிப் புதைத்தார்கள். 110 வோல்ட்டுக்கு அது தாராளமாகப் போதும். கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் கால் நூற்றாண்டுக்கு முன்பே தன் வீட்டுக்குப் புதைவடம் போட்டவர் என்பதை அந்நாளில் யாரும் சுட்டிக்காட்டியதாகத் தெரியவில்லை.

பிளம்ஃபீல்டும் அதே இதழில் பதில் எழுதினார். தடைகளைப் பொருட்படுத்தாமல் நாட்டைக் கடந்து நடக்கும் இந்தக் கோபுரங்களுக்கும் ஓர் அழகு உண்டு என்பதும், உலகம் போகும் போக்கை நிறுத்த முடியாது என்பதும் அவர் வாதம். விசாரணைக்குப் பின் போக்குவரத்து அமைச்சர் ஹெர்பர்ட் மோரிசன் லைனுக்கு ஒப்புதல் தந்தார். மின்சாரம் அப்போது அவருடைய துறையின் கீழ் இருந்தது. மலிவான மின்சாரத்தைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோவதை எழுத்தாளர்களின் ரசனைக்காக நிறுத்த முடியாது என்பது அன்றைய தொழிற்கட்சி வட்டாரத்தின் பார்வை. எதிர்ப்பு முழுக்க மேட்டுக்குடியினருடையதா, உள்ளூர் விவசாயிகளும் அதில் இருந்தார்களா என்பது பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வேறுபடுகிறார்கள்.

1933 செப்டம்பரில் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் கடைசிக் கோபுரம் நடப்பட்டது. மொத்தம் 26,265 கோபுரங்கள், சுமார் 4,000 மைல் லைன். அதே ஆண்டு ஸ்டீபன் ஸ்பென்டர் கோபுரங்களைப் பொருளாக வைத்து ஒரு கவிதை வெளியிட்டார். அவரையும் அவருடைய நண்பர்களையும் விமர்சகர்கள் கோபுரத்தின் பெயராலேயே அழைக்கத் தொடங்கினார்கள்.

1933–1957

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்துறை நாட்டுடைமையானது. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1953இல் 275 கிலோவோல்ட் லைன் முதன்முதலாக இயங்கியது.

ஹோல்ஃபோர்டு விதிகள்

மின்னழுத்தம் கூடினால் கம்பிக்கும் தரைக்கும், கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி கூட வேண்டும். 275 கிலோவோல்ட் கோபுரம் சுமார் 41 மீட்டர். 1960களில் வந்த 400 கிலோவோல்ட் எல்6 வகைக் கோபுரம் சுமார் 50 மீட்டர், அதாவது பி.எல்.1ஐப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பி.எல்.1இல் ஒரு கைக்கு ஒரு கம்பி. எல்6இல் நான்கு கம்பிகள் சேர்ந்த கட்டு. கம்பி வகைகளுக்கு பிரிட்டிஷ் பொறியாளர்கள் விலங்குப் பெயர் சூட்டினார்கள்: பழைய லைனில் லின்க்ஸ், புதியதில் ஜீப்ரா. அந்தப் பெயர்கள் இந்தியாவுக்கும் வந்தன. தமிழ்நாட்டின் மின்தொடரமைப்பு லைன்களில் வேலை செய்பவர்கள் இன்றும் பேந்தர், ஜீப்ரா, மூஸ் என்றே கம்பியைக் கேட்டு வாங்குகிறார்கள்.

1957ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் தன் 37ஆம் பிரிவில், இயற்கை அழகைக் காப்பதைக் கருத்தில் கொள்ளும் கடமையைப் புதிய மத்திய மின்னுற்பத்தி வாரியத்தின் மேல் சுமத்தியது. வாரியத்தின் தலைவர் சர் கிறிஸ்டோஃபர் ஹிண்டன் பொறியாளர். பகுதிநேர உறுப்பினர்களுள் ஒருவரான சர் வில்லியம் ஹோல்ஃபோர்டு நகரமைப்பு வல்லுநர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஹோல்ஃபோர்டு, பிரேசிலின் புதிய தலைநகரான பிரசிலியாவுக்குத் திட்டம் தேர்ந்த நடுவர் குழுவிலும் இருந்தவர். 1958இல் நிலத்தோற்றக் கலைஞர் சில்வியா குரோவ் மின்நிலையங்களும் லைன்களும் நிலக்காட்சியோடு பொருந்துவது பற்றித் தனிநூல் வெளியிட்டார். மறு ஆண்டு ஹோல்ஃபோர்டு தன் ஏழு விதிகளை முன்வைத்தார்.

சுருக்கமாக அவை: மிக அழகான பெரும்பரப்புகளைச் சுற்றிப் போ, சிறிய அழகிய இடங்களை விலகிச் செல், மற்றவை சமமானால் நேராகப் போ (திருப்பம் குறைந்தால் கனத்த கோணக் கோபுரங்களும் குறையும்), வானத்தைவிட மரமும் மலையும் பின்னணியாக இருக்கட்டும், தோப்புள்ள ஓரளவு திறந்த பள்ளத்தாக்கை நாடு, சமவெளியில் பெரிய லைனைச் சிறிய லைன்களோடு கூட்டிச் சிக்கலாக்காதே, ஊரைத் தொழிற்சாலைப் பகுதி வழியாக அணுகு.

நான்காவது விதிதான் கூர்மையானது. கறுத்த ஊசியிலைக் காட்டின் முன் நிற்கும் சாம்பல் நிறச் சட்டகம் அரை மைலில் கரைந்துவிடும். அதே கோபுரம் மேட்டின் உச்சியில் நின்றால் ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் வானில் எழுதினாற்போலத் தெரியும். மேட்டைத் தாண்டியே ஆக வேண்டுமானால் அதன் தாழ்ந்த கணவாயில், சாய்வாகத் தாண்ட வேண்டும். கணவாய் இல்லாவிட்டால் மரவரிசைகளுக்கு நடுவே நேராகத் தாண்ட வேண்டும் என்றும் ஹோல்ஃபோர்டு எழுதினார். தடம் குறிக்கும் பொறியாளரின் கையில் அளவுச்சங்கிலியோடு ஓர் ஓவியனின் கண்ணையும் கொடுத்த குறிப்பு அது.

விதிகள் சட்டம் அல்ல. ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. நேராகப் போனால் அழகிய இடம் குறுக்கிடும், விலகினால் கோணக் கோபுரம் கூடும். தொழிற்பகுதி வழியே போகச் சொல்லும் ஏழாவது விதி ஏழைகளின் வீட்டருகே கோபுரங்களைக் குவிக்கும் என்ற விமர்சனமும் உண்டு. ஆயினும் அவை இன்றுவரை வழக்கில் உள்ளன. அரசின் மின்வலைக் கொள்கை அறிக்கைகளும் அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. துணை மின்நிலையங்களுக்கு இணையாக ஹார்லாக் விதிகள் 2003இல் வந்தன.

1970களிலும் 1980களிலும் புதிய பெரிய லைன்கள் குறைவு. 1989ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் தனியார்மயத்துக்கு வழி திறந்தது. மேல்நிலை லைனுக்கு ஒப்புதல் பெறும் விதி அதிலும் 37ஆம் பிரிவாகவே அமைந்தது.

புதைவடம்

லைனைப் புதைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று பார்வையாளருக்குத் தோன்றும். ஆனால் மேலே ஓடும் கம்பியைக் காற்று இலவசமாகக் குளிர்விக்கிறது. புதைத்த கம்பியின் சூடு மண்ணில் மெல்லத்தான் கலையும். ஆகவே 400 கிலோவோல்ட் இரட்டை லைனுக்குப் பன்னிரண்டோ அதற்கு மேலோ கேபிள்களை இடைவெளி விட்டுப் பரப்ப வேண்டும். அகழிகளும் வேலைத்தடமும் சேர்ந்து பல பத்து மீட்டர் அகலத்தைக் கேட்கும். பிறகு அதன்மேல் ஆழமாக வேரோடும் மரம் நட முடியாது. மாறுதிசை மின்சாரத்தில் நீண்ட கேபிள் ஒரு மின்தேக்கியாகவும் நடந்துகொள்வதால், தூரம் கூடக் கூட ஈடுசெய்யும் கருவிகளும் தேவைப்படும். கேபிள் மேலே ஏறிக் கம்பியோடு சேரும் முனைகளில் வேலியிட்ட முற்றம் ஒன்று வேண்டும். அதுவும் கண்ணில் படும்.

பொறியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஒப்புதலோடு 2012இல் வெளியான ஆய்வு, வாழ்நாள் செலவை மேல்நிலை லைனுக்குக் கிலோமீட்டருக்கு 22 லட்சம் முதல் 42 லட்சம் பவுண்டு என்றும், புதைவடத்துக்கு 1 கோடியே 2 லட்சம் முதல் 2 கோடியே 41 லட்சம் பவுண்டு என்றும் கணக்கிட்டது. கிராமக் காட்சியின் மதிப்பையும் சுற்றுலா வருவாயையும் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு இது என்பது பாதுகாப்பு அமைப்புகளின் மறுப்பு.

சிறிய லைன்களுக்கு வழி எளிது. கட்டுப்பாட்டு ஆணையமான ஆஃப்ஜெம் 2005 முதல், தேசியப் பூங்காக்களிலும் பாதுகாக்கப்பட்ட எழில்பகுதிகளிலும் பகிர்மான லைன்களைப் புதைக்க ஒரு தொகையை அனுமதித்தது. பின்னர் உயரழுத்த லைன்களுக்கும் 50 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. இயற்கையியலாளர் கிறிஸ் பெயின்ஸ் தலைமையிலான ஆலோசனைக் குழு இடங்களைத் தேர்ந்தது. அதன் பயனாக டார்செட்டில் 22 கோபுரங்கள் அகற்றப்பட்டு, 8.8 கிலோமீட்டர் லைன் மண்ணுக்குள் போனது. வேல்ஸின் ஸ்னோடோனியாவில் முகத்துவாரத்தின் அடியில் சுரங்கம் அமைத்துப் பத்துக் கோபுரங்களை எடுக்கும் வேலை தொடங்கியது.

எதிர்த்திசையில் நின்ற எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தின் பியூலி–டென்னி லைன்: 220 கிலோமீட்டர், சுமார் 600 கோபுரங்கள். நீண்ட விசாரணைக்குப் பின் 2010 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. வடக்கின் காற்றாலை மின்சாரம் தெற்கே வர வேறு வழியில்லை என்பது அரசின் வாதம்.

உருவ மாற்றம்

2011இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் கழகமும் அரசும் மின்வலையை நடத்திய நேஷனல் கிரிட் நிறுவனமும் புதிய கோபுரத்துக்குப் போட்டி நடத்தின. 250க்கும் மேற்பட்ட பதிவுகளில் டென்மார்க்கின் பிஸ்ட்ரப் நிறுவனம் வென்றது. ஒற்றைத் தண்டு, இரு பக்கமும் கை, ஒவ்வொரு கையிலும் வைரவடிவத்தில் தொங்கும் கம்பித்தொகுதி. உயரம் சுமார் 35 மீட்டர். ஹிங்க்லி பாயிண்ட் சி அணுமின் நிலையத்துக்கான 57 கிலோமீட்டர் இணைப்பில் இவை 116 நின்றன. மெண்டிப் குன்றுகளின் கீழ் 8.5 கிலோமீட்டர் புதைக்கப்பட்டது. 2023இல் அதன் முதல் பகுதியில் மின்சாரம் பாய்ந்தது. புதிய உருவம் கண்ணுக்கு இதமா என்பது தீராத விவாதம். உயரம் குறைவு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சட்டகக் கோபுரத்தின் ஊடே நிலம் தெரியும், வெள்ளைத் தண்டின் ஊடே தெரியாது என்பது எதிர்த்தரப்பு.

அண்மைக்காலம்

கடல் காற்றாலைகளை இணைக்க நார்விச்–டில்பரி உள்ளிட்ட புதிய லைன்கள் முன்மொழியப்பட்டுள்ளன. ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தீட்டிய நிலப்பகுதியான டெடம் வேலில் புதைவடம், பிற இடங்களில் பெரும்பாலும் கோபுரம் என்பது திட்டம். 2025இல் வெளியான மறு ஆய்வு புதைவடத்தின் செலவு ஏறத்தாழ நாலரை மடங்கு என்றது. அதே ஆண்டு, புதிய கோபுரங்களிலிருந்து 500 மீட்டருக்குள் வசிக்கும் வீடுகளுக்குப் பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 250 பவுண்டுவரை மின்கட்டணத்தில் குறைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது.