கடல் துரப்பணக் கலங்கள்: பதிவும் பணியமர்த்தமும்

கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேடித் துளையிடும் ரிக்குகள், அவற்றுக்கு ஆளும் சரக்கும் கொண்டுசெல்லும் துணைக்கலங்கள், பணியாளர் தங்கும் பார்ஜுகள் ஆகியவற்றை எந்த நாட்டுப் பதிவேட்டில் சேர்ப்பது, யாரை என்ன தகுதியோடு அவற்றில் ஏற்றுவது என்பதை வகுக்கும் விதிகள். இந்தியாவில் இவை பயணம் போகும் கப்பலுக்காக எழுதப்பட்ட சட்டத்திலிருந்து கிளைத்தவை. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்று வேலைசெய்யும் கலத்துக்கு அவற்றைப் பொருத்தும்போது எழுந்த சிக்கல்களே இவ்வரலாற்றின் பெரும்பகுதி. மேற்குக் கரையில் இதன் பல இழைகள் கொச்சியில் வந்து சேர்கின்றன. எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்கு மேற்கே காயல். காயலின் நடுவே வில்லிங்டன் தீவும் துறைமுகமும். அதற்கும் அப்பால், பாய்மரக் கலங்கள் சரக்கேற்றிய மட்டாஞ்சேரி.

பிரிட்டிஷ் இந்தியாவில் கலப் பதிவுக்கு 1841ஆம் ஆண்டின் 10ஆம் சட்டம் வழிசெய்தது. 1923இன் இந்திய வணிகக் கப்பல் சட்டம் லஸ்கர்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் முறையை ஒழுங்கு செய்தது. அதே பத்தாண்டில் கொச்சியின் உள்துறைமுகத்துக்குள் ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் 1928 மே 26 அன்று நுழைந்தது. துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அகழ்ந்தெடுத்த மண்ணே வில்லிங்டன் தீவாயிற்று.

இவ்விதிகளுக்கு நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். பதிவுத் துறைமுகங்களாக அதன் 23ஆம் பிரிவு பம்பாய், கல்கத்தா, மதராஸ் ஆகிய மூன்றை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பிற துறைமுகங்கள் மத்திய அரசின் அறிவிக்கையால் சேர வேண்டும் என விட்டது. கொச்சி சேர்ந்தது இவ்வழியில்தான். 15 நிகர டன்னுக்கு மேற்படாமல், இந்தியக் கரையோரம் மட்டுமே ஓடும் கலத்துக்கு விலக்கு இருந்தது. மற்ற எல்லா இந்தியக் கப்பலும் பதியப்பட வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் சட்டம் ஒரு கப்பலின் உடைமையை 64 பங்காகப் பிரித்தது. இந்தியச் சட்டம் பத்துப் பங்காகப் பிரித்தது. உரிமையாளர் நிறுவனமாக இருந்தால் பங்கு மூலதனத்தில் குறைந்தது 75 விழுக்காடு இந்தியக் குடிமக்களிடம் இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் இருந்தது. பின்வந்த திருத்தங்கள் இதைத் தளர்த்தி, நிறுவனத்தின் தலைமை வணிக இடம் இந்தியாவில் இருந்தால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தன.

பதிவுக்கு முன் கலத்தில் அடையாளமிட வேண்டும் என்ற விதி தனிக் கவனத்துக்கு உரியது. முன்புறத்தின் இருபக்கமும் பெயர். பின்புறத்தில் பெயரும் பதிவுத் துறைமுகமும். கருநிறப் பரப்பானால் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து, வெளிர்நிறப் பரப்பானால் கறுப்பு எழுத்து. அதிகார எண்ணும் பதிவு டன்னேஜும் முதன்மை உத்தரத்தில் வெட்டிப் பொறிக்கப்படும். பெயிண்ட் உதிரலாம், சான்றிதழ் தொலையலாம். உத்தரத்தில் வெட்டிய எண் கலம் உடைபடும்வரை நிற்கும். மரக்கலக் காலத்து இந்த ஏற்பாடு எஃகுக் கப்பலிலும் தொடர்ந்தது.

பணியாளர் ஒப்பந்தம் பற்றிய பிரிவுகளும் இதே அளவு நுணுக்கமானவை. கப்பல் தலைவர் ஒவ்வொரு கப்பலாளோடும் ஷிப்பிங் மாஸ்டர் என்ற அரசு அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். அதைப் படித்துக் காட்டி, விளக்கி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். பயணத்தின் தன்மை அல்லது காலம், ஆள்களின் எண்ணிக்கை, வேலை, கூலி, உணவு அளவு எல்லாம் அதில் வர வேண்டும். குளிர்ப் பகுதிகளில் கொடுக்கும் கம்பளி உடைக்கும் கூடுதல் உணவுக்கும் தனி அட்டவணை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன் எதற்குக் கைநாட்டு வைக்கிறான் என்பது அவனுக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறை இப்பிரிவுகளில் தெரிகிறது. கடற்பணியின் பதிவேடான சி.டி.சி. புத்தகம் கையில் இல்லாமல் ஏறவும் இயலாது, இறங்கிய கணக்கும் நிற்காது.

பாய்மரக் கலங்களுக்குச் சட்டம் தனிப்பகுதி ஒதுக்கியது. தலைமை தாங்குபவரைத் ‘தண்டல்’ என்றே அழைத்தது. மீன்பிடிப் படகுகளுக்கான பகுதி 1983இல் சேர்ந்தது. அதன் எல்லை 2012இல் கேள்விக்குள்ளானது. அவ்வாண்டு பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் ‘என்ரிக்கா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் ‘செயின்ட் ஆன்டனி’ படகின் மீனவர் இருவர் இறந்தனர். கப்பல் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டு மீன்பிடிச் சட்டத்தின்கீழ் பதிந்த அப்படகு 1958 சட்டத்தின்கீழ் பதியப்படவில்லை, இந்தியக் கொடியும் பறக்கவில்லை என்ற வாதம் நீதிமன்றத்தில் எழுந்தது.

ரிக்குகளின் கதை 1973இல் தொடங்குகிறது. ஹிரோஷிமாவில் மிட்சுபிஷி கட்டிய ‘சாகர் சம்ராட்’ என்ற ஜாக்-அப் ரிக் அவ்வாண்டு அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யிடம் வந்தது, 1974 பிப்ரவரியில் பம்பாய்க்கு அப்பால் கடலில் உள்ள பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டது. ‘கடற்பயணத்தில் பயன்படும்’ கலத்தையே 1958 சட்டம் கலம் என்றது. கால்களை ஊன்றி, உடலை நீருக்கு மேல் தூக்கி நிற்கும் ரிக் அதில் அடங்குமா? இழுத்துச் செல்லப்படும்போது கலம், ஊன்றி நிற்கும்போது மேடை என்போர் உண்டு; எப்போதும் கலமே என்போரும் உண்டு. மாசுத் தடுப்புப் பகுதி மட்டும் கடல் மேடைகளைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது.

இதையொட்டிய ஒரு வழக்கு சென்னையைச் சேர்ந்த ஆபன் லாயிட் சைல்ஸ் ஆஃப்ஷோர் நிறுவனத்தினுடையது. 12 கடல்மைலுக்கு அப்பால் நிற்கும் ரிக் வெளிநாடு செல்லும் கலத்துக்குச் சமம், ஆகவே அதற்கு அனுப்பும் பொருள்களுக்குச் சுங்கவரி கூடாது என்று அது வாதிட்டது. 1976ஆம் ஆண்டின் கடல் எல்லைகள் சட்டப்படி அறிவிக்கப்பட்ட பகுதிகள் சுங்கச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதால் வரி உண்டு என 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அது வரிக்கான தீர்ப்பு. பதிவுக்கும் பணியாளருக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

வெளிநாட்டுக் கொடியுள்ள துணைக்கலத்தை இந்தியக் கடலில் அமர்த்த 1958 சட்டத்தின் 407ஆம் பிரிவின்கீழ் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டியிருந்தது. ரிக்கில் நடக்கும் துரப்பணத்தின் பாதுகாப்பையோ 2008ஆம் ஆண்டின் கடல்சார் பாதுகாப்பு விதிகளின்படி எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகம் பார்க்கிறது. ஒரே தளத்துக்கு இரண்டு மேற்பார்வை.

உலக அளவில் நடமாடும் துரப்பணக் கலங்களுக்கான முதல் நெறித்தொகுப்பு 1979இல் வந்தது. 1989இலும் 2009இலும் புதுப்பிக்கப்பட்டது. 1982இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் ‘ஓஷன் ரேஞ்சர்’ என்ற ரிக் மூழ்கி 84 பேரும் இறந்தனர். சமநிலை நீர்த்தொட்டிகளைக் கட்டுப்படுத்தும் பணியில் இருந்தவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என விசாரணை கண்டது. 2010இல் மார்ஷல் தீவுகளின் கொடியோடு நின்ற ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ ரிக் வெடித்து 11 பேர் இறந்தபோது, கப்பல் தலைவருக்கும் தளப் பொறுப்பாளருக்கும் இடையே அதிகாரம் யாருடையது என்ற தெளிவின்மை கண்டிக்கப்பட்டது.

ஓ.என்.ஜி.சி.யின் துரப்பணக் கப்பல் ‘சாகர் பூஷண்’ கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் பழுதுபார்ப்பில் இருந்தபோது, 2018 பிப்ரவரி 13 அன்று நடந்த வெடிப்பில் ஐவர் இறந்தனர். அசெட்டிலின் வாயுக் கசிவே காரணம் எனக் கூறப்பட்டது. உலர்துறையில் நிற்கும் கலத்தில் இறந்தவர்கள் தளத்தொழிலாளர். அவர்கள் பெயர் எந்தக் கப்பல் ஒப்பந்தத்திலும் வராது.

2021 மே 17 அன்று டவ்தே புயலில் பம்பாய் ஹை அருகே மூழ்கிய பி-305 பார்ஜ் இதையே பெரிய அளவில் காட்டியது. அதில் இருந்த 261 பேரில் பெரும்பாலோர் மாலுமிகள் அல்லர்; எண்ணெய் மேடைகளில் வேலைக்குச் சென்றவர்கள். இறந்தோர் எழுபதுக்கு மேல். கேரளத்தவரும் அதில் உண்டு. புயல் எச்சரிக்கைக்குப் பிறகும் பார்ஜ் அங்கேயே நின்றதற்கு யார் பொறுப்பு என்பதில் தலைவர், ஒப்பந்ததாரர், எண்ணெய் நிறுவனம் ஆகிய தரப்புகளின் கூற்றுகள் ஒத்துப்போகவில்லை.

இத்தகைய தொழிற்பணியாளரைக் கப்பலில் ஏற்றுவதற்கான சர்வதேச நெறித்தொகுப்பு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1958 சட்டத்தின் இடத்தில் புதிய வணிகக் கப்பல் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடமாடும் துரப்பணக் கலங்களைக் ‘கலம்’ என்ற வரையறையிலேயே அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.